டும்டக்காவின் ஒரே ஹிட்

உலகத்திலேயே தன் பாட்டின் வரிகள் தெரியாமல், மெட்டும் சரியாகத் தெரியாமல், அந்தப் பாட்டுக்காக யாரோடும் சண்டைக்குப் போகத் தயாராக இருந்த ஒரே பிரபலம் எங்கள் டும்டக்காதான். ‘பிரபலம்’ என்பது அவர் வைத்துக்கொண்ட சொல். மந்தைவெளியில் எங்கள் தெரு அவருக்கு வேறொரு சொல் வைத்திருந்தது. அதைப் பத்திரிகையில் போட முடியாது.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்த கையோடு, அந்தத் தெருவின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மொட்டை மாடி அறைக்கு நான் குடிவந்தேன். வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். அதற்கு முன் எல்லாரும் "எங்க வைக்கணும்னு நீயே சொல்லுபா" என்று கட்டைவிரலை நீட்டியவர்கள். ஆகவே ஒரு வரி விடாமல் படித்தேன். மாடியில் வடகம் காயப்போடக் கூடாது, மாமிசம் சமைக்கக் கூடாது, தண்ணீர் லாரி வராத நாளில் குளிப்பதைத் தவிர்ப்பது நல்லது என்றெல்லாம் இருந்தது. கீழ்வீட்டில் காலையில் இடி இடிக்கும் என்று எங்கும் இல்லை.

முதல் நாள் காலையிலேயே இடித்தது. டும் டக்கா, டும் டக்கா, டும்டும் டக்கா டும்... அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு மூச்சு இழுக்கும் நேரம் அமைதி. அப்புறம் ‘டக்!’ என்று ஒன்று. மறுபடி முதலிலிருந்து.

பைப் ரிப்பேர் என்று நினைத்து இறங்கிப் போனேன். கதவில் ‘மைதிலி, தலைமையாசிரியை (ஓய்வு)’ என்று பலகை. திறந்தவர் மைதிலி டீச்சர் இல்லை. காது வரை காலர் வைத்த பூப்போட்ட சட்டையும் எட்டுமுழ வேட்டியுமாக ஒருவர். இரண்டு கையிலும் குச்சி. அவருக்குப் பின்னால் பெயிண்ட் வாளி இரண்டு, குக்கர் மூடி ஒன்று, காலால் உதைக்க ஒரு தகர டிரங்குப் பெட்டி.

"சார், மேல புதுசா வந்திருக்கேன். ஏதோ சத்தம்..."

"கேட்டுதா? மேல வரைக்கும் கேட்டுதா? என்ன பாட்டு, சொல்லு மேன்!"

"பாட்டா சார்?"

"ஹிட்டு மேன்! மெட்ராஸே ஆடித்து!" என்று உட்கார்ந்து முழுதாக ஒருமுறை வாசித்துக் காட்டினார். வாளி, வாளி, பெட்டி, மூடி. முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

பள்ளியில் பதில் தெரியாவிட்டாலும் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று பழகியவன் நான். "சாமி பாட்டா சார்?" என்றேன்.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "அந்தப் பிள்ளைய விடுங்கோ, ஆபீஸ் போகணும். உங்க ஹிட்டு நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே காணாமப் போயிடுத்து."

அதுதான் மைதிலி டீச்சர்.

டும்டக்காவின் உண்மைப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. வீட்டுப் பலகை டீச்சர் பெயரில், மின்சார அட்டை டீச்சர் பெயரில். கூரியர்காரர்கூட "டும்டக்கா வீடு எதுங்க?" என்றுதான் கேட்பார். அவர் வரலாற்றைத் துண்டு துண்டாக நான் சேகரித்தேன். வீட்டில் மிருதங்கம் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டார். எழுபதுகளில் கச்சேரி ரோட்டில் ஒரு மாடி அறையில் சில கல்லூரிப் பையன்கள் கிடாரும் கையுமாக ஒரு பேண்டு ஆரம்பித்தார்கள். இவர் காலுக்கு அங்கே வேலை கிடைத்தது. பேண்டின் பெயர் ‘கச்சேரி ரோடு ஃபோர்’.

"மொத்தம் எத்தனை பேர் சார்?"

"அஞ்சு பேர்."

"அப்ப ஏன் சார் ஃபோர்?"

"பேனர் எழுதினப்புறம் நான் சேர்ந்தேன் மேன். பெயிண்ட் காஞ்சுடுத்து."

அவர்கள் ஓர் இசைத்தட்டு போட்டார்கள். அதன் அட்டைப் படத்திலும் நான்கு பேர்தான். படம் எடுத்தபோது இவர் டாக்ஸியிலிருந்து டிரம்ஸை இறக்கிக்கொண்டிருந்தாராம். பாட்டு என்ன, வரி என்ன என்று கேட்டேன். "இங்கிலீஷ் பாட்டு. ஏதோ ஸ்கூட்டர் வரும், ஏதோ பீச் வரும். மீதி முன்னாடி நின்னவாளுக்குத்தான் தெரியும். நான் பின்னாடின்னா உக்காந்திருந்தேன்!" அந்த முன்னாடி நின்றவர்களில் பாடகர் காலமாகிவிட்டார். மற்ற மூவரும் வெளிநாட்டில். இவர் போனில் செய்தி அனுப்பினால் கும்பிடு பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அடங்கிவிடுவார்கள்.

சாட்சி என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. கறுப்பாக, ஓரம் அலையலையாக மடிந்த ஒரு கிண்ணம்.

"என்ன சார் இது?"

"என் ரெக்கார்டு."

அந்தக் காலத்தில் பழைய இசைத்தட்டை வெந்நீரில் போட்டு இளக்கிக் கிண்ணமாக வளைப்பது மயிலாப்பூர் மாமிகளுக்கு ஒரு கைவேலையாம். இவருடைய அம்மா, மகன் பேரில் உள்ள அன்பில், மகன் வாசித்த தட்டையே வளைத்துக் கொலுவுக்கு வைத்துவிட்டார். "ஒம்பது நாளும் என் ஹிட்டுலதான் சுண்டல் கொடுத்தா" என்றார். கிண்ணத்தின் அடியில் ஊதாக் காகிதத்தில் ‘கச்சேரி ரோடு ஃபோர்’ என்று இன்னமும் படிக்க முடிந்தது. காதில் வைத்துப் பார்த்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆக, பாட்டை நிரூபிக்க அவரிடம் இருந்த ஒரே வழி, தாளத்தை மட்டும் தட்டிக் காட்டி "என்ன பாட்டு சொல்லு" என்பது. ஊரையே அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோவில் முன்சீட்டு முதுகில் தட்டுவார். வங்கியில் கவுன்டர் கண்ணாடியில் தட்டுவார். காய்கறிக் கடையில் பலாப்பழத்தின் மேல் தட்ட, கடைக்காரர் "சார், பழுத்துதான் கீது, கெளம்பு" என்று துரத்தினார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஊசியோடு நின்றபோது நாற்காலிக் கையில் முழுப் பாட்டையும் வாசித்து, திறந்த வாயோடு "ஆஹ் ஆஹு?" என்று கேட்டாராம். என்ன பாட்டு என்று அர்த்தம். டாக்டர் வலிக்கிறது என்று புரிந்துகொண்டு இன்னொரு ஊசி போட்டார். மார்கழியில் ஒரு சபாவில் முன்வரிசைக்காரரின் நாற்காலியில் தட்டியதால் மைதிலி டீச்சரையும் சேர்த்து வெளியே அனுப்பினார்கள். டீச்சர் அதற்கப்புறம் அவரோடு சபாவுக்குப் போவதில்லை. தனியாகப் போய், தனியாகக் கேட்டு, தனியாகப் போண்டா சாப்பிட்டுவிட்டு வருவார்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அண்ணாச்சி தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். பேரம் படியாமல் எதையும் விடமாட்டார். சத்தத்தைப் பற்றிப் புகார் குவிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டும்டக்காவைக் கூப்பிட்டுப் பேரம் பேசினார். நானும் இருந்தேன்.

"சார், நீங்க ஹிட்டுங்கீய. ஹிட்டுன்னா நாலு பேருக்குத் தெரியணும்லா? நாலு வேண்டாம், ஒருத்தருக்குத் தெரியட்டும். ஆண்டு விழாவுல பத்து நிமிஷம் தாரேன், வாசிங்க. கூட்டத்துல ஒரே ஒரு ஆளு ‘இது எனக்குத் தெரிஞ்ச பாட்டு’ன்னு சொல்லிட்டா, நீங்க காலம்பூரா வாசிக்கலாம். யாரும் சொல்லலன்னு வைங்க, மறுநாள்லேர்ந்து வாளி, மூடி, பொட்டி எல்லாம் சும்மா இருக்கணும். சரியா?"

"டன்!" என்று கை நீட்டினார் டும்டக்கா.

"மாடி ரூம் தம்பி சொன்னா செல்லாது. அவரு நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி ஆயிட்டாரு, மனசு கேக்காமச் சொல்லிருவாரு."

படியேறும்போது டும்டக்கா கைப்பிடிக் கம்பியில் தட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் தேட ஆரம்பித்தேன். இணையத்தில் தேடினால் கச்சேரி ரோட்டில் நான்கு பல் மருத்துவமனைகள் வந்தன. அடையாறில் பழைய இசைத்தட்டு சேகரிக்கும் ஒருவர், அப்படி ஒரு பேண்டே இல்லை என்றார். மறுவாரம் போன் செய்து, இருந்தது, ஆனால் அதில் டிரம்ஸே கிடையாது என்றார். தி.நகரில் இன்னொரு பெரியவர் அந்தப் பாட்டுக்குத் தானே ஆடியதாகச் சொல்லி ஆடியும் காட்டினார். அது வேறு பாட்டு. விசாரிக்க விசாரிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. நான்கு பேர் என்று பெயர், நான்கு பேர் என்று படம். இந்த ஐந்தாவது மனிதர் நிஜமாகவே உட்கார்ந்திருந்தாரா?

அந்த நேரத்தில்தான் எங்கள் ஏரியாவில் கன்னியப்பன் மாமா இறந்துபோனார்.

எங்கள் ஏரியா என்றால் முன்னால் அடையாற்றங்கரை. நான் பத்தாவது படிக்கும்போது அரசாங்கத்தில் எங்களை மொத்தமாக வாரிக்கொண்டுபோய்ப் பெருங்குடியும் தாண்டி, ஊருக்கு வெளியே அடுக்கு வீடுகளில் வைத்துவிட்டார்கள். அவரவருக்கு முடிந்ததை எடுத்துப் போனார்கள். சவுண்டு சர்வீஸ் ஏழுமலை அண்ணன் தன் ஸ்பீக்கர் பெட்டிகளை எடுத்துப் போனார். கூடவே சாவுப் பாட்டையும்.

அந்தப் பாட்டை எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரும் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தவறினால் பறையும் பூவும் ஒருபக்கம். உடலை எடுப்பதற்குச் சற்று முன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஏழுமலை அண்ணன் இதைப் போடுவார். என்ன மொழி என்றே தெரியாத ஒரு கனத்த ஆண்குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, மெதுவாக, மெதுவாக நகரும். பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். வாத்தியம் எல்லாம் சட்டென்று நின்றுபோகும். ஒரு பெரிய வெறுமை. அந்த இடத்தில்தான் செத்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முழுப் பெயர், ஒரே ஒரு முறை. கட்டிய நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள்கூட அந்த இடத்தில் சொல்லிவிடுவார்கள். என் அப்பாவின் பெயரை என் அம்மா சொல்லி அதுவரை நான் கேட்டது, அப்பாவை எடுத்த அன்று, அந்த ஒருமுறைதான். அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். தூக்கிவிடுவார்கள்.

கன்னியப்பன் மாமாவுக்கும் போட்டார்கள். நான் மாலையோடு நின்றிருந்தேன். அந்தக் குரல் ஆரம்பித்தது. அதற்கு அடியில், மாட்டு வண்டி இறக்கத்தில் இறங்குவதுபோல, டும்... டக்கா... டும்... டக்கா... டும்... டும்... டக்கா... டும்...

தினமும் காலையில் என் தரைக்கு அடியில் கேட்டதல்லவா இது! அந்த வெறுமை வந்தது. கன்னியப்பன் மாமாவின் மகள் "கன்னியப்பா!" என்று அலறினாள். அப்புறம்: டக்.

சாவு வீட்டில் நான் "அட!" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காரியம் முடிந்ததும் ஏழுமலை அண்ணனைப் பிடித்தேன். "அண்ணா, இந்தப் பாட்டு ஏது?"

"எங்க நைனா காலத்து ரெக்கார்டுபா. பழைய சாமான் கடையில கெடச்சுதாம். அத்த கேசட்டுல ஏத்தி, அப்பால பென் டிரைவுல ஏத்திக்கினேன்."

"ரெக்கார்டு இருக்கா?"

பரணிலிருந்து ரெக்கார்டு பிளேயர் பெட்டியும் தட்டும் இறங்கின. சின்னத் தட்டு. நடுவில் ஊதாக் காகிதம். சுண்டல் கிண்ணத்தின் அடியில் பார்த்த அதே எழுத்து.

"அண்ணா, சின்ன ரெக்கார்டு நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்தணுமாமே. இது எத்தனை சுத்துது?"

"பெரிய ரெக்கார்டு மாதிரி முப்பத்துமூணுதான். ஸ்பீடு மாத்துற குமிழ் ஒடஞ்சி, நைனா தீக்குச்சி சொருவி வச்சிகினாரு. அன்னிலேர்ந்து எங்க ஊட்டுல சின்னது பெருசு எல்லாம் ஒரே ஸ்பீடு. ஏன், இன்னா இப்போ?"

என்னவென்று சொல்வது? பேசாமல் போனில் பதிவு செய்துகொண்டு மந்தைவெளிக்கு வந்தேன்.

டும்டக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்சம் போனதும் முகம் சுளித்தார். "யார் மேன் இவன்? டிரம்மருக்கு ஜுரமா? பாடறவனுக்கு யாராவது டாக்டரைக் காட்டப்படாதா?" அந்த வெறுமை வந்தது. அவர் விரல்கள் தொடையின் மேல் அப்படியே நின்றுவிட்டன. டக்.

அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "அங்க ஸ்டைலுக்காக நிறுத்தினேன்னு எல்லார்ட்டயும் சொல்லிண்டு இருக்கேன். இல்ல மேன். குச்சி நழுவிடுத்து. குனிஞ்சு எடுத்து அடிச்சேன். இன்னொரு தடவை வாசிக்கறேன்னு கெஞ்சினேன். ரெக்கார்டிங்காரன், போதும் எழுந்திருங்கோன்னுட்டான்."

அந்தப் பாட்டை எங்கே போடுகிறார்கள் என்று நான் அப்போது சொல்லியிருக்கக் கூடாது. அல்லது இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லியிருக்கலாம்.

"சாவுக்கா? என் பாட்டா? அது டான்ஸ் நம்பர் மேன்!"

அன்றைக்கே கிளம்பினார். ஓ.எம்.ஆர். ரோடு முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார், கையில் ஒரு குறடு. ஏழுமலை அண்ணன் வீட்டில் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "தப்பு ஸ்பீடுல போட்டிருக்கேள்!"

ஏழுமலை அண்ணன் நிதானமாகப் பார்த்தார். "இன்னா நைனா, எங்க ஏரியா பூரா காதுக்கு இத்தான் ஸ்பீடு. நீதான் அன்னிக்கு அவசரப்பட்டுக்கினு வாசிச்சிருப்ப."

"வாசிச்சவன் நான்யா!"

"போட்டவன் நானு!"

டும்டக்கா குறடால் தீக்குச்சியைப் பிடுங்கினார். குமிழின் உடைந்த தண்டைத் திருகினார். தட்டு ஒரு துள்ளுத் துள்ளிச் சுற்றியது. கிணற்றுக்குள் இருந்த கனத்த குரல் போயே போய்விட்டது. மீசை முளைக்காத ஒரு பையன் உற்சாகமாகக் கத்தினான். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு அந்தப் பாட்டின் வார்த்தைகள் புரிந்தன. ஒருவன் தன் காதலியை ஸ்கூட்டரில் ஏறச் சொல்கிறான். பெட்ரோல் பீச் வரைக்கும்தான் இருக்கிறது, திரும்பி வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். இத்தனை வருஷம் எங்கள் ஆட்களை வழியனுப்பி வைத்தது இந்த ஸ்கூட்டர்தானா! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழுமலை அண்ணன் குடும்பத்துக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னாபா இது, பாடுற அண்ணன் தொண்டைல யாரோ கால வச்சி மிதிச்ச மாதிரி கீது!" என்றார் ஏழுமலை அண்ணனின் மனைவி.

அந்தத் துள்ளலில் நடுவிலிருந்த வெறுமை ஒரு மூச்சு இழுப்பதற்குள் போய்விட்டது. யார் பெயரையும் அதற்குள் கூப்பிட முடியாது.

டும்டக்கா திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, குறடைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தார். அடுத்த சில நாட்கள் என் தரைக்கு அடியில் சத்தமே இல்லை. எனக்கு அலாரம் வைக்க வேண்டியதாயிற்று. மைதிலி டீச்சர் மாடிக்கே வந்து கேட்டார்: "என்னடாப்பா பண்ணினே அவரை? குக்கர் மூடிய குக்கர்லயே வச்சிருக்கார். பயமா இருக்கு."

ஆண்டு விழா எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் சந்தனம். நான் சொன்னதால் ஏழுமலை அண்ணனே சவுண்டு. காசு வாங்குகிற ஆள் சாட்சி சொன்னால் அதுவும் செல்லாது என்று அண்ணாச்சி முன்பே சொல்லிவிட்டார். டும்டக்கா வடபழனியிலிருந்து நிஜ டிரம்ஸ் வாடகைக்கு எடுத்திருந்தார். அதே காலர் சட்டை. பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரியும் இருந்தது, தண்டனைக்குப் போகிறவர் மாதிரியும் இருந்தது.

அன்றைக்குப் பார்த்து அம்மா வந்திருந்தாள். எனக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வாடகை ஒப்பந்தத்தில் சமைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, கொண்டுவரக் கூடாது என்று இல்லை என நான் சொல்லியும், மூன்று பைகளுக்குள் பையாகச் சுற்றி எடுத்து வந்திருந்தாள். கடைசி வரிசையில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேரத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நிகழ்ச்சி நடத்தும் அவசரத்தில் டும்டக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

டும்டக்கா வாசித்தார். தன் ஸ்பீடில், துள்ளலாக. நன்றாகத்தான் வாசித்தார். குழந்தைகள் குதித்தார்கள். முடிந்ததும் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"ஆருக்காவது இந்தப் பாட்டு தெரியுதா? சும்மா கைதட்டுதது வேற. தெரிஞ்சாச் சொல்லணும்."

யாரும் சொல்லவில்லை. ஒரு மாமா, "ரயில் போற மாதிரி இருந்துது" என்றார். மைதிலி டீச்சர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சார், பேசினபடி..."

"ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு அண்ணாச்சி" என்றார் டும்டக்கா. குச்சியைத் துடைத்துக்கொண்டார். சவுண்டு மிக்ஸர் பக்கம் திரும்பி, யாரிடமோ தோற்றுப்போனவர் குரலில் சொன்னார்: "போடுய்யா. உன் ஸ்பீடுலயே போடு."

ஏழுமலை அண்ணன் பென் டிரைவைச் செருகினார்.

அந்தக் குரல் பந்தலுக்குள் வந்தது. குழந்தைகள் குதிப்பதை நிறுத்தினார்கள். டும்டக்கா தன் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கைகளோடு சேர்ந்து, ஒவ்வோர் அடியையும் வைக்க மனமில்லாமல் வைப்பதுபோல் வாசித்தார். டும்... டக்கா... டும்... டக்கா... "ஏல, என்ன பாட்டுவே இது, எழவு வீட்டுல நிக்க மாதிரில்லா இருக்கு" என்று அண்ணாச்சி மைக்கை மூடாமலே முனகினார். அந்த இடம் வந்தது. டும்டக்கா குச்சியை உயர்த்தி அப்படியே வைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையிலிருந்து என் அம்மா, "முனுசாமீ!" என்று கூப்பிட்டாள்.

டக்.

எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது போல. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி மைக்கோடு அவளிடம் போனார்.

"ஏம்மா, இது ஒனக்குத் தெரிஞ்ச பாட்டா?"

"எங்க ஊட்டுப் பாட்டுங்க" என்றாள் அம்மா. "எங்க ஊட்டுக்காரர அனுப்பி வச்ச பாட்டு. தெரியாமக் கத்திட்டேன், மன்னிச்சிக்கோங்க."

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பேரம் பேரம்தான். மேடையைப் பார்த்துச் சொன்னார்: "தெரிஞ்ச பாட்டுன்னு சொல்லிட்டாவ. வாளி அடிக்கலாம் சார்."

டும்டக்கா டிரம்ஸை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே தடுக்கித் தடுக்கி அம்மாவிடம் வந்தார். பெரிய கலைஞர் மாதிரி வரவில்லை. எதையோ உடைத்துவிட்டவர் மாதிரி வந்தார்.

"அம்மா, அந்த எடத்துல... குச்சி நழுவிடுத்தும்மா. வேணும்னு நிறுத்தல."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாசித்தவர் இவர்தான் என்று அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. "நழுவுனா இன்னா நைனா? எங்களுக்கு அந்த எடம்தான் வோணும்" என்றாள். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் மடியிலிருந்த பையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். கருவாட்டுக் குழம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, சந்தனம் வைத்த நெற்றியோடு, டும்டக்கா பந்தல் நடுவில் நின்று அழுதார். மைதிலி டீச்சர் எழுந்து வந்து, மூக்கை ஒருமுறை சுருக்கி, பையை ஒருமுறை பார்த்து, பிறகு பையை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹிட்டுதான் போங்கோ" என்றார். "ஒத்துண்டேன்."

அதற்கப்புறம் தெருவின் குழப்பம் இரண்டு மடங்காகிவிட்டது. காலையில் நாற்பத்தைந்தில் வாசிக்கிறார், மாலையில் முப்பத்துமூன்றில். ஏழுமலை அண்ணனோடு சாவு வீடுகளுக்கும் போக ஆரம்பித்தார். முதல் வீட்டில் போய் உட்கார்ந்ததும், இறந்தவரின் மகனைக் கூப்பிட்டு, "அப்பா துள்ளலான மனுஷனா, நிதானமான மனுஷனா? எந்த ஸ்பீடு?" என்று கேட்டுவிட்டாராம். இனி வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையில்தான் ஏழுமலை அண்ணன் கூட்டிப் போகிறார். இரண்டு பேரும் வழியெல்லாம் ஸ்பீடு பற்றிச் சண்டை போடுகிறார்கள். பிரிந்து இருக்க முடிவதில்லை.

போன வாரம் என் அறைக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கட்டிலில் உட்கார்ந்து விளிம்பில் தட்டிக்கொண்டே சொன்னார்: "மேன், எனக்குன்னு அந்த நாள் வரும்போது நீதான் போடணும். நாப்பத்தஞ்சுல போடு. என் பாட்டு, என் ஸ்பீடு."

"சரி சார்."

கொஞ்சம் தட்டினார். நிறுத்தினார். "ஆனா அதுல அந்த எடம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுமே. மைதிலி நிதானமாத்தான் கூப்பிடுவா. சரி, முப்பத்துமூணுலயே போட்டுடு. அந்த ஏழுமலைட்ட மட்டும் சொல்லாதே."

"சார், ஒரு சந்தேகம். அந்த இடத்துல முழுப் பேரு சொல்லிக் கூப்பிடணும். எனக்கு உங்க பேரு தெரியாதே?"

அவர் யோசித்தார். பெயரைச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"டும்டக்கான்னே கூப்பிடு மேன். மத்த பேருக்கெல்லாம் நான் திரும்பிப் பார்த்தே ரொம்ப வருஷமாச்சு."

இறங்கிப் போய்விட்டார். சற்று நேரத்தில் தரைக்கு அடியில் ஆரம்பித்தது. டும் டக்கா, டும் டக்கா, டும்டும் டக்கா டும். நான் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அந்த இடம் வந்து, ‘டக்’ விழும் வரை காத்திருந்தேன். இப்போதெல்லாம் தினமும் காத்திருக்கிறேன். அந்த இடத்தில் கூப்பிடும் நாள் வரவே கூடாது என்று நான் நினைக்கும் ஒரு பெயர் கீழ்வீட்டில் இருக்கிறது.